தண்ணீர் ட்ரம்முக்குப் பாவாடை

ட்ரம்மைத் தேய்த்துக் கழுவுவது அந்த வீட்டில் கணவரின் வேலை. கை நீளம் என்பதால் கல்யாணமான புதிதில் தலையில் விழுந்த பொறுப்பு; அதற்குப் பிறகு யாரும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் விடும் நாளன்று காலையில், பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலைக்குக் கிளம்பும் முன், பின்கட்டில் நீல ட்ரம்மைச் சாய்த்துப் போட்டு, இடுப்பு வரை உள்ளே நுழைந்து, பிளாஸ்டிக் நாரால் வறக் வறக்கென்று தேய்ப்பார். வெளியே தெரிவது இரண்டு கால்களும் தூக்கிக் கட்டிய லுங்கியும்தான். அவரிடம் முக்கியமான விஷயம் எதையாவது பேச வேண்டுமென்றால் அவர் மனைவி அந்த நேரத்தைத்தான் பிடிப்பாள். ஆள் எழுந்து போய்விட முடியாது.

“என்னங்க, பாப்பா போன் பண்ணினா.”

“ம்ம்ம்,” என்றது ட்ரம்.

“பிரசவத்துக்கு இங்க வரலையாம்.”

தேய்க்கும் சத்தம் நின்றது. “ஏனாம்?”

“நம்ம தெருவுல டெங்குவாம். யாரோ சொல்லியிருக்காங்க. ‘உங்க தெரு முதல்ல சுத்தமாகட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்’ங்கிறா. உங்க தெருவாம்! இந்தத் தெரு மண்ணை அள்ளித் தின்னு வளர்ந்தவ பேசுற பேச்சா இது?”

“சரியாத்தானே சொல்றா. மூணாவது வீட்டுல பையன் ஆஸ்பத்திரியில கிடக்கான்.”

“நீங்க யார் பக்கம் பேசுறீங்க?”

“நான் ட்ரம்முக்குள்ள இருக்கேன்,” என்றது குரல். “யார் பக்கமும் இல்ல.”

பாப்பா என்பது அவர்களுடைய ஒரே மகள். இப்போது அவளுக்கே பாப்பா பிறக்கப்போகிறது. மாப்பிள்ளைக்கு ஊர் ஊராகச் சுற்றும் வேலை. வேறொரு ஊரில், லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும் மாடி வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். அம்மா வீட்டுக்கு வரவில்லை என்றால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில்தான் ஏறி இறங்க வேண்டும். அம்மாக்காரிக்கு அதே நினைப்பு.

அம்மாக்காரியைத் தெருவில் எல்லோரும் டேப்பக்கா என்பார்கள். தையல்காரி. கழுத்தில் இஞ்ச் டேப் மாலையாகத் தொங்காமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. காய்கறி வாங்கப் போனாலும் அதோடுதான் போவாள். கல்யாண வீட்டுப் புகைப்படங்களில்கூட நகைக்குப் பக்கத்தில் மஞ்சளாக அது தெரியும். யாரைப் பார்த்தாலும் முதலில் கண் தோளுக்குப் போகும். மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று, பையனுக்கு என்ன வேலை, என்ன படிப்பு என்று மற்றவர்கள் விசாரித்துக்கொண்டிருக்க, இவள் சமையலறைக்கு வந்து மகளிடம் ரகசியமாகச் சொன்ன ஒரே தகவல்: “நல்ல பையன்தான். இடது தோள் கொஞ்சம் இறக்கம். பேட் வெச்சா சரியாயிடும்.”

கல்யாணத்துக்கு முன்னால் ரெடிமேட் சட்டைகள் தைக்கும் தொழிற்சாலையில் இருந்தாள். வரிசையில் அவள் இடத்துக்கு வந்து சேர்வது காலர் மட்டும். காலையிலிருந்து மாலை வரை காலர். சட்டை எப்படி இருக்கும், யார் போடுவார்கள் என்பதெல்லாம் தெரியாது. மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, முன்னறையில் மெஷின் போட்டு உட்கார்ந்தாள். முதல் முறையாக ஒரு முழுச் சட்டையைத் தைத்து முடித்த அன்று, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டையை வீடு முழுக்கக் கொண்டுபோய் மாட்டி மாட்டிப் பார்த்தாளாம். கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அதிலிருந்து பிடித்த வியாதி என்றும் சொல்லலாம், அவளால் எதையும் சுமாராகத் தைக்க முடியாது. மாவு மெஷின்காரர் சாக்கு கிழிந்துவிட்டது, ரெண்டு தையல் போட்டுக் கொடுங்கள் என்று வந்தால், அவர் திரும்பிப் போகும்போது சாக்குக்கு ஓரம் மடித்து அடித்திருக்கும். “உள்பக்கம் யாருக்குத் தெரியப்போகுது?” என்று கேட்டால், “எனக்குத் தெரியுமே, தூக்கம் வராதே” என்பாள்.

ட்ரம் பேச்சு நடந்த அன்று சாயங்காலமே அவள் சுகாதார நிலையத்துக்குப் போய் நர்சம்மாவைப் பிடித்தாள். சின்ன வயதுப் பெண். வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள். இதற்கு முன் இரண்டு தடவை தெருக்காரர்களைக் கூட்டிப் பேச முயன்று, ஆள் வராமல் திரும்பியிருக்கிறாள்.

“எங்க வீட்டுல வெச்சுக்கோ கூட்டத்தை,” என்றாள் டேப்பக்கா. “நான் கூப்பிட்டா வருவாங்க. எல்லாரோட துணியும் என்கிட்டதான் இருக்கு.”

வந்தார்கள். முன்னறையில் துணி வெட்டும் பெரிய மேசையைச் சுற்றி நின்றார்கள். எலக்ட்ரீஷியன் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து, நர்சம்மா வாயைத் திறக்கும் முன்பே தீர்வைச் சொல்லிவிட்டான்.

“புகை அடிக்கச் சொல்லுங்க. ஒரே புகை. கொசு குளோஸ்.”

“புகை அடிச்சா பறக்கிற கொசு சாகும் அண்ணே. ட்ரம்முக்குள்ள இருக்கிற புழு உங்களைப் பார்த்துச் சிரிக்கும். இது சாக்கடைக் கொசு இல்ல. நீங்க பிடிச்சு வைக்கிற நல்ல தண்ணியிலதான் வளருது.”

“அதுக்குத்தான் மூடி போட்டு வெச்சிருக்கோமே!”

“பார்த்தேன். உங்க வீட்டு மூடியில நாய்க்குச் சோறு வெச்சிருக்கீங்க. ட்ரம் திறந்து கிடக்கு.”

அறை சிரித்தது. எலக்ட்ரீஷியனும் சிரித்துவிட்டு, “நாய் பட்டினி கிடக்கலாமா?” என்றான்.

மாடிவீட்டம்மா நாசூக்கானவள். தன் வீட்டு மூடி வெயிலில் கோணிவிட்டது என்றாள். இன்னொருத்தியின் வீட்டில் ஹோஸைச் சொருகினால் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. ஆளாளுக்கு மூடியின் மேல் ஒரு குறை. டேப்பக்கா இதையெல்லாம் கேட்டபடி கத்தரியின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தினாள்.

“பிளாஸ்டிக் விறைப்பா இருக்கும். அப்படித்தான் தூக்கும். அதுக்குப் பதிலா நெருக்கமான துணியில வட்டமா வெட்டி, சுத்தி எலாஸ்டிக் வெச்சுச் சுருக்கிட்டா? இறுக்கிப் பிடிச்சுக்கும். ஹோஸ் போனாலும் அதுமேலேயே ஒட்டி நிக்கும். பாவாடை இடுப்புல நிக்கலையா?”

“ட்ரம்முக்குப் பாவாடையா!” என்றாள் மாடிவீட்டம்மா.

“எங்க வீட்டு ட்ரம் ஆம்பளைங்க,” என்றான் எலக்ட்ரீஷியன். “அதுக்குக் கால்சட்டை கிடைக்குமா?”

நர்சம்மாவுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. அங்கேயே திட்டம் முடிவானது. தண்ணீர் விடும் நாளில் எல்லா வீட்டிலும் ட்ரம்மைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். பிறகு துணி மூடி. டேப்பக்கா தன்னிடம் கிடக்கும் வெட்டுத் துணிகளில் எல்லோருக்கும் தைத்துத் தருவாள். நர்சம்மா டார்ச்சோடு வந்து பார்ப்பாள்.

எல்லோரும் போன பிறகு டேப்பக்கா அவளை வாசலில் நிறுத்தினாள். “ஒரு புழுவும் இல்லைன்னா, என் பொண்ணுகிட்ட நீயே போன்ல சொல்வியா? நான் சொன்னா நம்ப மாட்டா. தெரு சுத்தம்னு அம்மா சொன்னா அது தேவைக்குச் சொல்றதுன்னு அவளுக்குத் தெரியும்.”

“சொல்றேன்க்கா. ஒரு புழு இருந்தாலும் அதையும் சொல்வேன்.”

“சொல்லேன். இருந்தாத்தானே!”

மறுநாளே வீடு வீடாகப் போய் ட்ரம்களுக்கு அளவு எடுத்தாள். பழக்க தோஷத்தில் ஒரு ட்ரம்மைப் பார்த்து, “மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

முதல் மூடியைச் சாதாரணமாகத்தான் தைத்தாள். மேசைமேல் வைத்துப் பார்த்தாள். ஓரம் மொட்டையாக இருந்தது. ஒரு பைப்பிங் கொடுத்தாள். பைப்பிங் கொடுத்ததும் நடுவில் வெறிச்சென்று தெரிந்தது. ஒரு பூ வைத்துத் தைத்தாள். பூ வந்துவிட்ட பிறகு லேஸ் இல்லாமல் எப்படி? கணவர் டிப்போவிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியபடியே அதைத் தூக்கிப் பார்த்தார்.

“இது ட்ரம்முக்குத்தானே?”

“ட்ரம்முன்னா பிச்சைக்காரி மாதிரி நிக்கணுமா?”

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். மாடிவீட்டம்மாவுக்கு மட்டும் அவள் வீட்டுச் சுவருக்குப் பொருத்தமாக இளம்பச்சையில், இரட்டை வரி லேஸ் வைத்து. கொண்டுபோய்க் கொடுத்தபோது தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தடவிப் பார்த்தார்கள். திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தார்கள். “ஐயோ, என்ன அழகு! டேப்பக்கா கைன்னா கை!” என்றார்கள். அன்று அவள் மகளுக்கு போன் செய்து, “துணியை எல்லாம் எடுத்து வெச்சுக்கோ, கூடிய சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும்” என்றாள்.

“நர்சம்மா சொல்லட்டும்மா,” என்றாள் மகள்.

நர்சம்மா டார்ச்சோடு வந்த அன்று டேப்பக்கா கூடவே போனாள். தன் வேலையைப் பார்வையிடப் போகும் நடை.

எலக்ட்ரீஷியன் வீட்டு ட்ரம் திறந்து கிடந்தது.

“மூடி எங்கண்ணே?”

“இதோ பாருங்க நர்சம்மா, பத்திரமா இருக்கு.” டிவியின் தலையில் அது இருந்தது. “தூசியே அண்டலை.”

அடுத்த வீட்டில் மிக்ஸியின் மேல். அதற்கடுத்த வீட்டில் கேஸ் சிலிண்டர் நீலப் பூ வைத்துக்கொண்டு நின்றது. டேப்பக்காவுக்கு அங்கேதான் முதலில் கோபம் வந்தது. “சிலிண்டருக்கு இது லூஸ்! பாருங்க எப்படித் தொங்குதுன்னு! நான் என்ன இந்த லட்சணத்துலயா தைப்பேன்?” நர்சம்மா அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒரே ஒரு வீட்டில் சொன்னபடி ட்ரம்மில்தான் போட்டிருந்தார்கள். அன்றைக்கே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது இப்போது பக்கத்து வீட்டு ஸ்டூலின் மேல் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

மாடிவீட்டம்மா பீரோவைத் திறந்து காட்டினாள். இளம்பச்சை மூடி பாலிதீன் உறைக்குள், பாச்சை உருண்டையோடு படுத்திருந்தது.

“இவ்வளவு அழகா தச்சுக் கொடுத்ததைத் தண்ணியில நனைக்க மனசு வருமா? விருந்தாளி யாராவது வந்தா ட்ரம்முக்குப் போடலாம்னு வெச்சிருக்கேன்.”

“விருந்தாளி வந்தாச்சு,” என்று நர்சம்மா ட்ரம்முக்குள் டார்ச் அடித்தாள். வெளிச்சத்தில் புழுக்கள் சின்னச் சின்னக் காற்புள்ளிகள் போலத் துள்ளித் துள்ளி இறங்கின.

கடைசியில் டேப்பக்கா வீட்டுக்கு வந்தார்கள். பின்கட்டில் நீல ட்ரம்மின் மேல் பழைய பிளாஸ்டிக் மூடி, ஒரு பக்கம் தூக்கியபடி.

“அக்கா. உங்களது எங்க?”

டேப்பக்கா சுவரில் ஏதோ கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று விடுமுறையில் இருந்த கணவர் உள்ளே போய், அலமாரியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார். சந்தன நிறத்தில் ஒரு மூடி. விளிம்பைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் குருவிகள், எல்லாம் கைத்தையல்.

“பாப்பா வரும்போது போடலாம்னு வெச்சிருக்கா,” என்றார்.

“நீங்க சும்மா இருக்க மாட்டீங்களா?”

நர்சம்மா குனிந்து பார்த்தாள். “இதோ ஒண்ணு. அந்தப் பக்கம் இன்னொண்ணு.” நிமிர்ந்து டார்ச்சை அணைத்தாள். “பொண்ணுகிட்ட என்னக்கா சொல்லட்டும்?”

“இன்னைக்கு போன் பண்ணாத,” என்றாள் டேப்பக்கா.

முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். நர்சம்மாவுக்குத் திட்ட வேண்டும் போலவும் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. “தப்பு தையல்ல இல்லக்கா. நல்லா தச்சதுதான் தப்பு. யாருக்கும் எடுத்து வைக்கத் தோணாத மாதிரி ஒண்ணு தைங்களேன். அசிங்கமா.”

“அசிங்கமாவா?”

“ஆமா. பார்த்தா வீட்டுக்குள்ள விடத் தோணக் கூடாது.”

டேப்பக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து நர்சம்மா டீயை அவசரமாக முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

துணியைக் கணவர் கொண்டுவந்தார். டிப்போவில் கழித்துப் போட்ட காக்கிச் சீருடைகள், ஒரு மூட்டை. துவைத்த பிறகும் கிரீஸ் கறை போகாதவை. ஆனால் இழை நெருக்கமான, கெட்டித் துணி, கொசு நுழையாது. டேப்பக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். அசிங்கமாகத்தான் ஆரம்பித்தாள். கை கேட்கவில்லை. தையல் தானாகவே நேராகப் போயிற்று. ஓரத்தில் பிசிறு தெரிந்தால் விரல் தானாகவே அதை உள்ளே மடித்தது. முடித்து ட்ரம்மில் போட்டுப் பார்த்தால், சுற்றிலும் ஒழுங்கான சுருக்கு, நடுவில் கோடு போட்ட மாதிரி மடிப்பு.

“போலீஸ் அதிகாரி தொப்பி மாதிரி கம்பீரமா இருக்கு,” என்றார் கணவர். “எலக்ட்ரீஷியன் பார்த்தா தலையில மாட்டிக்கிட்டே போயிடுவான்.”

“என்னால முடியலைங்க.” அவள் குரல் நிஜமாகவே இறங்கியிருந்தது. “முப்பது வருஷமா பழகின கை. இதுக்குமேல நான் என்ன பண்ண? அவ அந்தப் படியில ஏறி இறங்கிட்டிருக்கா.”

அவர் மெஷினைப் பார்த்தார். “எழுந்திரு,” என்றார்.

“எதுக்கு?”

“நான் தைக்கிறேன். எனக்குத் தைக்கத் தெரியாது. அதுதானே வேணும்?”

அந்த மெஷினில் இதுவரை வேறொருவர் உட்கார்ந்ததில்லை. பஸ் கிளட்சை மிதித்துப் பார்க்கிற கால் பெடலில் ஏறியது. மெஷின் முதல் கியரில் மேடு ஏறும் வண்டி மாதிரி உறுமியது. தையல் ஒரு பக்கம் கிளம்பி, நினைத்துக்கொண்டு திரும்பி, வந்த வழியே மறுபடி போயிற்று. எலாஸ்டிக் ஓரிடத்தில் கொத்தாகவும் ஓரிடத்தில் இல்லாமலும் உட்கார்ந்தது.

“ஐயோ, பிரிங்க, பிரிங்க!”

“நீ உள்ள போ. பார்த்துட்டு நின்னா பிரிச்சிடுவ.”

“அந்த இடத்துல எலாஸ்டிக் விட்டுப்போச்சு. கொசு போகும்! அழகு இல்லாட்டியும் இறுக்கம் வேணும்.”

“அதை மட்டும் சொல்லு, போடறேன். வேற ஒண்ணும் சொல்லாத.”

அவள் துணிகளை வெட்டிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைக் காரணமில்லாமல் கழுவினாள். நூல் அறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் தையல் அடிப்பதும், அவள் வந்து எலாஸ்டிக்கை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு ஓடுவதுமாக அந்த வாரத்தின் மாலைகள் போயின.

மாடிவீட்டம்மா காக்கி மூடியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். “இதை வீட்டுக்குள்ள வைக்க முடியாதே, டேப்பக்கா.”

“வைக்காதீங்க. ட்ரம்முல போடுங்க.”

“யார் தச்சது?”

டேப்பக்கா கணவரைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் தைத்தது என்று தெரிந்தால் ஆசையாக யாராவது எடுத்து வைத்துக்கொள்வார்களோ என்ற பயம். “என் மெஷின்ல தச்சதுதான்,” என்றாள்.

தெருவில் எல்லா ட்ரம்களும் காக்கி போட்டுக்கொண்டன. ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. யாரும் பீரோவில் வைக்கவில்லை. ஆனால் அடுத்த தெருவிலிருந்து ரவிக்கைத் துணி கொடுத்திருந்த ஒரு பெண், ட்ரம்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள், “அவசரமில்லக்கா, அப்புறம் தச்சுக்கிறேன்” என்று துணியைத் திரும்ப வாங்கிப் போனாள். டேப்பக்கா மடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கடைக்குப் போகும்போது டேப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

நர்சம்மா மறுபடி வந்தாள். அதற்குப் பின்னும் ஒரு தரம் வந்தாள். எலக்ட்ரீஷியன் வீட்டு ட்ரம்முக்குள் டார்ச் நிதானமாகச் சுற்றி வந்தது. “அண்ணே, ஒண்ணும் இல்ல!” “இருந்தாத்தானே!” என்றான் அவன், ஏதோ அவனே விரட்டியது போல. ஆஸ்பத்திரியிலிருந்து மூணாவது வீட்டுப் பையன் திரும்பி வந்து தெருவில் சைக்கிள் ஓட்டினான். புதிதாக யாரும் காய்ச்சலில் படுக்கவில்லை. நர்சம்மா வெட்டு மேசைமேல் போனை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

“நிஜமாவா நர்சம்மா? எங்கம்மா சொல்லச் சொன்னாங்களா?”

“சொல்லச் சொன்னாங்க. ஆனா போன தடவை நான் சொல்ல வேண்டியதைச் சொல்லக் கூடாதுன்னும் அவங்கதான் சொன்னாங்க. அதனால இதை நீங்க நம்பலாம்.”

“வர்றேன்னு சொல்லுங்க,” என்றது போன்.

வந்து இறங்கியவள் உட்காரவில்லை. பெரிய பெட்டியை முன்னறையில் நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்தபடி நேராகப் பின்கட்டுக்குப் போனாள். காக்கியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். கைப்பேசி வெளிச்சத்தில் நன்றாகவே பார்த்தாள். மூடியதும்தான் மூடியின் தையல் கண்ணில் பட்டது. சிரிப்பு அடங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்குத் திரும்பி வந்தாள்.

“யாரும்மா அதைத் தச்சது? குடிச்சிட்டுத் தச்ச மாதிரி இருக்கே!”

“நான்தான்,” என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி. “தெருவுல இருக்கிற எல்லாமே நான் தச்சது. உங்கம்மா தச்சப்போ புழு இருந்துச்சு. நான் தச்சேன், புழு இல்ல. நீ வந்துட்ட.”

“அம்மா, நிஜமா?”

டேப்பக்கா மகளின் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், வீங்கியிருந்த பாதங்களைப் பார்த்தாள். தோள்பட்டையைப் பார்க்க மறந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள்.

கணவருக்கு அன்று நாக்கு அடங்கவில்லை. மெஷின் முன் போய் உட்கார்ந்து, பெடலில் காலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

“நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. கையும் பழகிடுச்சு. பேரப்பிள்ளைக்கு முதல் சட்டையை நானே தைக்கட்டுமா?”

“தைக்கட்டும்மா, ப்ளீஸ்,” என்றாள் மகள்.

டேப்பக்கா மெஷினின் அடியில் கை விட்டு, அது இல்லாமல் ஒரு தையலும் விழாத அடிநூல் பாபினைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.